குறை சொல்லாதே என்னும் கட்டளை

ஒரு நம்பிக்கையை 1958ஆம் ஆண்டிலேயே சோதித்துப் பார்த்து, அது நிற்காது என்று காட்டிவிட்டார்கள். ஆனாலும் இந்த வாரமும் கிண்டியிலோ ஓ.எம்.ஆரிலோ ஏதோ ஓர் அலுவலகத்தின் கண்ணாடி அறையில் அதற்கான பூசை நடக்கத்தான் போகிறது. மேசைமேல் வண்ண வண்ண ஒட்டுத்தாள், மார்க்கர் பேனா, தட்டில் சமோசா. வொயிட் போர்டின் உச்சியில் ‘தீபாவளி கேம்பெயின்’. ஒருவர் எழுந்து நின்று விதிகளைச் சொல்வார்: இங்கே தப்பான ஐடியா என்று எதுவும் கிடையாது, யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, மனதில் பட்டதைச் சொல்லுங்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். பிரெய்ன்ஸ்டார்மிங் தொடங்கிவிடும்.

தெருமுனையில் பூசணிக்காய் உடைப்பவரைப் பார்த்து ‘இதனால் என்ன நடந்துவிடும்?’ என்று கேட்கத் தெரிந்தவர்கள் இந்த அறையிலும் இருப்பார்கள். அவர்கள்கூட இங்கே அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பகுத்தறிவை அலுவலக வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோமா? இங்கிலீஷில் பெயர் இருந்து, பவர்பாயின்டில் போட்டுக் காட்டினால் எந்தச் சடங்கும் விஞ்ஞானம் ஆகிவிடுமா?

இந்தச் சடங்கைத் தொடங்கிவைத்தவர் யாரென்று தெரியும். அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். 1928இல் இரண்டு ஏஜென்சிகள் இணைந்து பிறந்த பிபிடிஓ நிறுவனத்தின் பெயரில் கடைசியில் நிற்கும் ‘ஓ’ அவருடையதுதான். 1930களின் இறுதியில் தன் ஊழியர்களைக் கூட்டமாக உட்காரவைத்து விளம்பர யோசனைகளைத் திரட்டத் தொடங்கினார். 1948இலும் 1953இலும் வந்த அவருடைய புத்தகங்கள் இந்த முறையை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. விதிகள் நான்கு. விமர்சனம் கூடாது. எவ்வளவு விசித்திரமான யோசனையும் வரலாம். எண்ணிக்கை அதிகமாக இருக்க வேண்டும். ஒருவர் சொன்னதன்மேல் இன்னொருவர் கட்டியெழுப்ப வேண்டும். இவற்றோடு அவர் ஒரு கணக்கையும் சொன்னார்: சராசரி மனிதர் ஒருவர் தனியாக யோசிப்பதைப்போல இரண்டு மடங்கு யோசனைகளைக் குழுவில் உட்கார்ந்தால் தருவார்.

இரண்டு மடங்கு என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் டெய்லர், பால் பெர்ரி, கிளிஃபோர்ட் பிளாக் மூவரும் எண்ணிப் பார்த்தார்கள். முதலில் சொன்ன 1958ஆம் ஆண்டுச் சோதனை அதுதான். மாணவர்களில் ஒரு பகுதியினரை நால்வர் குழுக்களாக உட்காரவைத்து ஆஸ்போர்ன் விதிகளின்படி யோசிக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கும் அதே விதிகள், அதே கேள்விகள், அதே நேரம். ஆனால் ஒவ்வொருவரும் தனி அறையில். அமெரிக்காவுக்கு ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளை அதிகமாக வரவழைப்பது எப்படி என்பது ஒரு கேள்வி. ஒவ்வொரு கையிலும் இன்னொரு கட்டைவிரல் இருந்தால் என்ன நன்மை, என்ன தொல்லை என்பது இன்னொன்று. பிறகு, தனியாக யோசித்தவர்களைக் காகிதத்தில் மட்டும் நால்வர் நால்வராகச் சேர்த்தார்கள். இருவருக்கு ஒரே யோசனை வந்திருந்தால் அதை ஒன்றாகத்தான் எண்ணினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இந்தக் காகிதக் குழுக்கள், கூடி உட்கார்ந்து யோசித்த குழுக்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகளைத் தந்திருந்தன. ஆஸ்போர்ன் சொன்ன கணக்கு தலைகீழாக நின்றது.

மாணவர்கள்தானே, தொழில் தெரிந்தவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்று சொல்லலாம். 1963இல் வெளிவந்த அடுத்த ஆய்வு அதற்கும் பதில் சொன்னது. மின்னசோட்டாவின் 3எம் நிறுவனத்தில் 48 ஆராய்ச்சியாளர்களையும் 48 விளம்பரப் பிரிவு ஊழியர்களையும் வைத்துச் சோதித்தார்கள். இதே தொழிலில் சம்பளம் வாங்குகிறவர்கள். 24 குழுக்களில் 23 குழுக்களின் ஆட்கள் தனித்தனியாக யோசித்தபோதே அதிகம் தந்தார்கள். அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே திசையில்தான் போயின. குழு பெரிதாகப் பெரிதாக இழப்பும் பெரிதாகும் என்பதையும் காட்டின.

காரணம் தேடி மூளைக்குள் போக வேண்டியதில்லை, கடிகாரத்தைப் பார்த்தால் போதும். 8 பேர், 60 நிமிடம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சமமாகப் பங்கு போட்டாலும் ஆளுக்கு ஏழரை நிமிடம். மீதி நேரம் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டபடி, தன் யோசனை மறந்துபோகாமல் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது புதிதாக எதுவும் தோன்றாது; தோன்றியதும் மங்கிப்போகும். 1987இல் ஜெர்மனியில் மிக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே இருவரும் இதைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தார்கள். முறைக்காகக் காத்திருக்கும் இந்தத் தடைதான் இழப்புக்குப் பெரிய காரணம் என்று கண்டார்கள். அதோடு, என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். அதோடு, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற சோம்பல். கயிறு இழுக்கும்போது ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்று பிரான்சின் வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் 1913இலேயே எழுதிவைத்தார். கைக்கு நேர்வது மூளைக்கும் நேராதா?

ஒரு சமையல் எண்ணெய் கம்பெனியின் அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மார்க்கெட்டிங் மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறார்: “நான் சும்மா ஆரம்பிச்சு வைக்கிறேன். அம்மா கைமணம்னு ஏதாவது போலாமா?” சும்மா ஆரம்பித்ததாக அவர் நினைக்கிறார். போர்டில் முதல் வரி ‘அம்மா’ என்று ஏறிவிட்டது. அடுத்து வந்த ஆறு யோசனைகளிலும் அம்மா இருக்கிறார். ஒன்றில் ஊரில் இருக்கிறார், ஒன்றில் வீடியோ காலில், ஒன்றில் மாமியாராக. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான ஒரு பெண் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டில் சமைப்பது அப்பா. ‘எப்பப் பார்த்தாலும் பொம்பளைதான் அடுப்படியில நிக்கணுமா?’ என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வருகிறது. குறை சொல்லக் கூடாது என்பதல்லவா விதி! அவள் முறை வருகிறது. “சார் சொன்னதையே கொஞ்சம் டெவலப் பண்ணலாம் சார்” என்கிறாள். அறை அவளைப் பாராட்டுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் உருப்படியாக வந்திருக்கக்கூடிய ஒரே யோசனை யாருக்கும் தெரியாமல் செத்துப்போகிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் இந்த வழக்கம் ஏன் தொடர்கிறது? முதல் காரணம், கலந்துகொண்டவர்களுக்கே அது பலித்ததுபோலத் தோன்றுவது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பால் பாலஸ் முதலியோர் இதை ஆராய்ந்தார்கள். குழுவில் யோசித்தவர்கள் குறைவாகவே தந்திருந்தாலும் தாங்கள் நிறையச் சாதித்துவிட்டதாக நம்பினார்கள். அடுத்தவர் சொன்னதும் தன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சும்மா இருந்த நேரமும் வேலை செய்த நேரமாகத் தெரிகிறது. கும்பிட்டுவிட்டு வந்தவருக்கு மனம் லேசாகிறதே, அந்த மாதிரி. மனம் லேசானது உண்மை. அதை வைத்து வேண்டுதல் பலித்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம், காட்சி. ஐடியோ என்ற புகழ்பெற்ற அமெரிக்க வடிவமைப்பு நிறுவனத்தை ஆராய்ந்த ராபர்ட் சட்டன், ஆண்ட்ரூ ஹார்கடான் இருவரும் 1996இல், இந்தக் கூட்டங்களால் யோசனை எண்ணிக்கைக்கு அப்பால் வேறு பயன்களும் உண்டு என்று எழுதினார்கள். அனுபவம் கைமாறுகிறது, யார் திறமைசாலி என்று ஒருவருக்கொருவர் தெரிகிறது. அவர்கள் தந்த பட்டியலில் கிளையன்ட்டை அசத்துவதும் இருந்தது, நிறுவனத்துக்கு வருமானம் வருவதும் இருந்தது. நேர்மையான பட்டியல். கிளையன்ட்டை அசத்தத்தான் கூடுகிறோம் என்று நம் ஊர் ஏஜென்சிகளும் ஒப்புக்கொண்டால் எனக்கு வழக்கே இல்லை.

மூன்றாவது காரணத்தை யாரும் பட்டியலில் எழுத மாட்டார்கள்: பொறுப்பு கரைந்துபோவது. கேம்பெயின் வெற்றி பெற்றால் மேனேஜரின் தலைமை. தோற்றால் ‘எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு’. யார் சொன்னது, யார் ஆமோதித்தது, யார் வாய்மூடி இருந்தது என்ற கேள்விகளுக்கு வொயிட் போர்டில் பதில் கிடையாது. மறுநாள் காலை அதைத் துடைத்துவிடுவார்கள்.

இதுவரை சொன்னது திறமை பற்றிய கணக்கு. என் வழக்கு அதோடு முடியவில்லை. கம்பெனியின் நேரம் வீணானால் கம்பெனி அழட்டும், நமக்கென்ன? ஆனால் மார்க்கெட்டிங் அறையில் பிறப்பது அந்த அறைக்குள் தங்குவதில்லை. அது டி.வி. வழியாக, போன் வழியாக, அந்த அறையில் இல்லாத கோடிப் பேரின் வீட்டுக்குள் போகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எதைத் தின்ன ஆசை வர வேண்டும், பதினாறு வயதுப் பெண் கண்ணாடியில் தன் முகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அங்கேதான் தீர்மானிக்கிறார்கள். குறை சொல்லாதே என்ற விதி அறைக்குள் இருப்பவர்களின் கூச்சத்துக்குக் காவல் நிற்கிறது. வெளியே இருப்பவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

மறுப்பில் இரண்டு வகை உண்டு. ‘இது எடுபடாது’ என்பது ஒன்று. ‘இது பொய்’, ‘இது ஒருவரை இழிவுபடுத்துகிறது’ என்பது இன்னொன்று. முதலாவது ரசனை, இரண்டாவது அறம். இரண்டையும் ஒரே பூட்டால் பூட்டுகிறது இந்த விதி. அசட்டு யோசனைக்குக் கொடுத்த பாதுகாப்பு, அநியாய யோசனைக்கும் சேர்த்தே கிடைத்துவிடுகிறது.

நடந்த ஒன்றைப் பாருங்கள். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது ஃபேர் அண்ட் லவ்லி. அதன் விளம்பரங்களில் ஒன்று பலருக்கு நினைவிருக்கும். வீட்டில் பணமுடை. மகன் இல்லையே என்று அப்பா புலம்புகிறார். கறுப்பான மகள் அதைக் கேட்டுக் கலங்குகிறாள். கிரீம் பூசுகிறாள், சிவக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள். அப்பா முகம் மலர்கிறது. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு இழிவுகள்: பெண்ணாகப் பிறந்தது குறை, கறுப்பாகப் பிறந்தது அதைவிடப் பெரிய குறை. எந்த விளம்பரமும் ஒரே ஆளின் கையால் வெளிவருவதில்லை. எழுதுகிறவர், ஒப்புதல் தருகிறவர், நடிகரைத் தேடுகிறவர், படம் பிடிக்கிறவர், வெட்டி ஒட்டுகிறவர், ஒளிபரப்புகிறவர் என்று எத்தனையோ மேசைகளைத் தாண்டித்தான் அதுவும் வந்தது. அந்த மேசைகளில் கறுப்பான மகளைப் பெற்ற ஒருவர்கூடவா இல்லை? கடைசியில் வெளியிலிருந்துதான் குரல் வர வேண்டியிருந்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடி, தேசிய மனித உரிமை ஆணையம்வரை போன பிறகு, 2003இல் அது திரையிலிருந்து இறங்கியது. நிறத்தை வைத்து மனிதரைத் தாழ்த்தக் கூடாது என்று ஆஸ்கி எனப்படும் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது 2014இல். பெயரிலிருந்து ‘ஃபேர்’ போனது 2020இல். மாதர் சங்கத்துப் பெண்கள் பேசியது நூற்றுக்கு நூறு விமர்சனம். ‘பாசிட்டிவ்வாக இருங்கள்’ என்ற அறையில் அவர்களுக்கு நாற்காலி கிடைத்திருக்காது.

ஆஸ்போர்னின் பக்தர்கள் இங்கே ஒன்று சொல்வார்கள்: விமர்சனத்தை அவர் ஒழிக்கச் சொல்லவில்லை, தள்ளிப்போடத்தான் சொன்னார். உண்மைதான். முதலில் குவியுங்கள், பிறகு சலியுங்கள் என்பதுதான் அவர் முறை. தனியாக யோசிப்பதற்குக் குழு துணைதானே தவிர மாற்று இல்லை என்றும் பிற்காலத்தில் வலியுறுத்தினார். சீடர்கள் குருவின் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள்; எந்த மடத்திலும் நடப்பதுதான். ‘பிறகு’ என்ற அந்த இரண்டாம் கூட்டம் நம் அலுவலகங்களில் எப்போது நடக்கிறது? அதற்குள் யோசனைக்கு ஒரு பெயர் வந்திருக்கும், எம்.டி. அதைக் கேட்டுச் சிரித்திருப்பார், பட்ஜெட் ஒதுக்கியிருப்பார்கள், ஹீரோவிடம் தேதி கேட்டிருப்பார்கள். அந்த நிலையில் ‘இது பொய்யாச்சே சார்’ என்று சொல்கிறவருக்கு டீம் பிளேயர் இல்லை என்ற பட்டம்தான் மிஞ்சும். தள்ளிப்போட்ட மனசாட்சி தானாகத் திரும்பி வராது.

விமர்சனம் வந்தால் படைப்பாற்றல் செத்துவிடும் என்பது அடுத்த வாதம். இதையும் சோதித்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சார்லன் நெமத் அமெரிக்காவிலும் பிரான்சிலும் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. சில குழுக்களுக்குக் குறை சொல்லாதீர்கள் என்று விதி. சில குழுக்களுக்கு விவாதியுங்கள், குறையும் சொல்லுங்கள் என்று விதி. விவாதித்த குழுக்களே அதிக யோசனைகளைத் தந்தன. தட்டிக் கேட்க ஆளில்லாத மன்னனைக் கெடுக்க எதிரியே தேவையில்லை என்று வள்ளுவர் சொல்லிவைத்த மொழியில் பேசுகிறவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. சேம்பியன் ஆக வேண்டிய யோசனை, நாலு கேள்விகளைத் தாங்காமல் எப்படி நாலு கோடிப் பேரைத் தாங்கும்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘உனக்கு என்ன தெரியும்?’ என்பது விமர்சனம் ஆகாது; அது அதட்டல். புதிதாக வந்தவரின் வாயை அடைக்கும் அதட்டலை நிறுத்தத்தான் ஆஸ்போர்ன் விதி போட்டார் என்றால் அவர் நோக்கம் நல்லது. மருந்துதான் தப்பு. ஆளைத் தாக்குவதைத் தடுப்பதற்குக் கருத்தைத் தாக்குவதையும் சேர்த்துத் தடுத்தார். அதட்டுகிறவர் எப்போதும் பதவியில் இருப்பவர், விதியால் வாய் மூடுகிறவர் எப்போதும் பதவி இல்லாதவர் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

சேர்ந்து யோசித்தால்தான் பெரிய யோசனை வரும் என்பார்கள். நம் மண்ணின் பெரிய மார்க்கெட்டிங் யோசனை ஒன்று ஷாம்பு பாக்கெட். பணக்காரர் பாட்டிலில் வாங்குவதைக் கூலி வேலை செய்கிறவரும் வாங்க என்ன வழி என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தார் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே தொழில் தொடங்கி, அப்பாவின் பெயரிலிருந்தே சிக் என்று ஷாம்புக்குப் பெயர் வைத்து, காலி பாக்கெட்டுகளைக் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று கடைகடையாகக் கொண்டுபோனார். ஒட்டுத்தாள் ஒட்டிய சுவர் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. வாங்க முடியாதவரை உற்றுப் பார்த்த கண் தேவைப்பட்டது. அதே நேரத்தில், அந்த நல்ல யோசனைக்கும் ஒரு எதிர்க்கேள்வி பாக்கி இருந்தது: தலை குளித்த பிறகு அந்தப் பாக்கெட் எங்கே போகும்? பெரிய நிறுவனங்கள் எல்லாம் பாக்கெட்டுக்கு மாறியபோது அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். இன்று ஆற்றங்கரையிலும் சாக்கடை வாயிலும் மக்காமல் கிடப்பது, கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான். பாராட்டத் தக்க யோசனைக்குக்கூட எதிர்வாதி வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? கூட்டத்துக்கு முன்பே ஆளுக்கொரு தாள் கொடுத்துத் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஜெர்மனியின் பெர்ண்ட் ரோர்பாக் 1968இல் சொன்ன முறை ஒன்று இருக்கிறது. 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடம். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அரை மணி நேரத்தில் பேச்சே இல்லாமல் 108 யோசனைகள் வரை சேரும். ஒருவர் சொன்னதன்மேல் மற்றவர் கட்டும் நன்மை அதில் அப்படியே இருக்கிறது. காத்திருப்பு மட்டும் இல்லை. தாள்களில் பெயர் வேண்டாம். மேனேஜர் கடைசியில் பேசட்டும். முடிந்தால் முதல் சுற்றில் அறையிலேயே இருக்க வேண்டாம்.

அதன் பிறகு வாதம். ஒவ்வொரு யோசனைக்கும் மூன்று கேள்விகள். இது உண்மையா? இதனால் யாருக்கு நட்டம், அவர் இந்த அறையில் இருக்கிறாரா? இதை நம் வீட்டுப் பெண்ணிடம், நம் வீட்டுப் பிள்ளையிடம் நேருக்கு நேராகச் சொல்வோமா? மறுப்பவரைத் தேடிப்பிடித்து உட்காரவையுங்கள். சாலமன் ஆஷ் 1951இல் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்ன சோதனை பிரபலமானது. கண்ணெதிரே தெரியும் நீளத்தைக்கூடக் கூட்டம் தவறாகச் சொன்னதும், மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு போயின. ஆனால் உண்மையைச் சொல்லும் துணை ஒன்று கிடைத்ததும் அந்த அழுத்தம் பெருமளவு தளர்ந்தது. உங்கள் டீமில் அந்த ஒருவரின் சம்பளம்தான் உங்கள் நிறுவனத்தின் மிக மலிவான காப்பீடு.

இதையும் என் பேச்சை நம்பி ஏற்க வேண்டாம். அடுத்த கேம்பெயினுக்கு டீமை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி வழக்கம்போலக் கூடட்டும். மறு பாதி தனித்தனியே எழுதட்டும். எது யாருடையது என்று தெரியாத ஒருவரிடம் இரண்டு பட்டியல்களையும் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள், தரம் பிரிக்கச் சொல்லுங்கள். கூட்டம் வென்றால் தாராளமாகக் கூடுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் சோதனைக்கு விட மாட்டேன். யோசனைகளைப் பெயரில்லாமல் எழுதுங்கள், ஒப்புதலைப் பெயரோடு எழுதுங்கள். இந்த விளம்பரம் உண்மை, இது யாரையும் தாழ்த்தவில்லை என்று எழுதி, அதற்குக் கீழே ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடட்டும். மறுப்பவர் தன் மறுப்பையும் அதே தாளில் எழுதட்டும். கையெழுத்துப் போட ஆள் கிடைக்காத விளம்பரம் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை.